ரப்பர் விதையும் நெகிழிப் புட்டியும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பள்ளிகளில் மறுபயனீட்டுக் கலை

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் கழிவுப் பொருள்களைக் கொண்டு நடக்கும் கலைப் பாடங்களுக்கு இரண்டு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. வண்ணமும் தாளும் வாங்க வசதியில்லாத பள்ளி கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறது என்பது ஒன்று. குப்பையைப் பிரித்துப் போடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டும் வழி என்பது மற்றொன்று. மலேசியாவின் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தின்கீழ், 2015 செப்டம்பரிலிருந்து வீட்டுக் குப்பையைப் பிரிப்பது கட்டாயமான மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று என்பதால், இரண்டாம் விளக்கம் மேலும் வலுப்பெற்றது. இரண்டுமே பொருளுக்கு வரலாறு உண்டு என்பதைக் காணத் தவறுகின்றன. தோட்டம் கழித்துப்போடுவதிலிருந்து தொடங்காத மறுபயனீட்டுக் கலை, தோட்டப்புறப் பிள்ளைக்குச் சுற்றுச்சூழல் கல்வி ஆகாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிக்கலின் வேர், கலைத்திட்டத்தை வாசித்த விதத்தில் இருக்கிறது. காட்சிக்கலைக் கல்வி நான்கு துறைகளைக் கொண்டது: படம் வரைதல், தோரணியும் வடிவமைப்பும், உருவமைத்தலும் கட்டுதலும், பாரம்பரியக் கைவினையை அறிதல். 2017இல் நடப்புக்கு வந்த திருத்தம், சுற்றுச்சூழல் நிலைத்தன்மையைக் கலைத்திட்டத்தின் குறுக்கே செல்லும் கூறுகளில் ஒன்றாக வைக்கிறது. வழக்கமான வாசிப்பு இக்கூறை மூன்றாம் துறையோடு மட்டும் பிணைக்கிறது. அட்டைப்பெட்டி, புட்டி, தகரக்குவளை ஆகியவை இயந்திர மனிதனாகவும் வண்டியாகவும் தொங்கு சிற்பமாகவும் மாறுவதோடு சுற்றுச்சூழல் பாடம் முடிந்துவிடுகிறது. நான்காம் துறை பாத்தேக், பாய் முடைதல், லாபு சாயோங் மண்கலம் என்று தனி வழியில் போகிறது. குறுக்கே செல்லும் கூறு எல்லாத் துறைகளையும் ஊடுருவ வேண்டும்; அதை ஒரே துறைக்குள் அடைப்பதற்கு அந்தச் சொல்லமைப்பிலேயே இடமில்லை.

ரப்பர் விதையைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். பால்மரத்தின் காய் பொதுவாக மூன்று அறைகள் கொண்டது. முற்றியதும் ஓசையோடு வெடித்து விதைகளைத் தொலைவில் சிதறடிக்கும். தோட்டத்துக்கு அது பெரும்பாலும் கழிவு. பிள்ளைகளுக்கோ நீண்ட காலமாகவே விளையாட்டுப் பொருள். சிமெண்டுத் தரையில் தேய்த்துத் தோழனின் கையில் சூடு வைத்த தலைமுறைகள் உண்டு. விதையின் ஓடு தாய்மரத்தின் திசுவிலிருந்து உருவாவது. ஆகவே ஒரு மரத்தின் விதைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வடிவமும் ஒரே வகைப் புள்ளிக்கோலமும் கொண்டிருக்கும். விதையோட்டைப் பார்த்தே மரவகையை இனங்காணும் முறையும் இத்தொழிலில் இருந்தது. கலந்து கிடக்கும் விதைகளைத் தாய்மரப்படி பிரிக்கச் சொன்னால் பிள்ளை உற்றுநோக்கக் கற்கிறது. புள்ளிகளை வரைவது முதல் துறை, அவற்றிலிருந்து தோரணி எடுப்பது இரண்டாவது, கோத்தும் ஒட்டியும் உருவம் செய்வது மூன்றாவது. முன்பு இந்த விதையை வைத்து யார் எப்படி விளையாடினார்கள் என்று பாட்டியிடம் கேட்டுவந்து செய்து காட்டுவது நான்காவது. நெகிழிப் புட்டியால் இந்த நான்கையும் இவ்வளவு இயல்பாக இணைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1960கள் தொடங்கிப் பால்மரக் காடுகள் பல செம்பனையாக மாறின, கழிவும் மாறியது. குலை அறுக்கும்போது வெட்டும் மட்டைகளை நிரைகளுக்கு இடையே அடுக்கி மட்கவிடுகிறார்கள். அவை மண்ணுக்குத் திரும்பும் உரம் என்பதால், வகுப்பறைக்கு எடுத்துவரும் ஓலை அந்தச் சுழற்சியிலிருந்து வாங்கிய கடன். இதை அறிந்த பிள்ளை, செய்த உருவத்தை எங்கே திருப்பிப் போடுவது என்று தானே கேட்கும். ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டும் திறனையும், முடைதலுக்குத் தரும் மதிப்போடு நான்காம் துறையில் சேர்க்க வேண்டும்.

பொருளறிவு பாதுகாப்புக்கும் தேவை. எறியப்பட்டதெல்லாம் கலைக்கு உதவும் என்ற பொதுவிதி தோட்டத்தில் ஆபத்தானது. களைக்கொல்லிக் கலன்களும் அங்கே எறியப்படுகின்றன. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி மலேசியாவில் தடைசெய்யப்பட்டதே 2020 ஜனவரியில்தான். மருந்தடிக்கும் பெண்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், எதைத் தொடக்கூடாது, ஏன் என்பதும் கலைப்பாடத்தின் பகுதியே.

பொருளின் பிறப்பிடத்தைக் கலையின் பொருளாக்குவது புதிதன்று. கானாவில் பிறந்து நைஜீரியாவில் பணியாற்றிய எல் அனாட்சுயி மதுப்புட்டி மூடிகளைப் பின்னி உருவாக்கும் பெருந்திரைகள், ஆப்பிரிக்க, ஐரோப்பிய வணிகத்தின் வரலாற்றைச் சுமக்கின்றன. ரப்பர் விதையும் ஈர்க்கும் கடல்தாண்டிவந்த உழைப்பின் வரலாற்றை அதே அளவு சுமப்பவை.

குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டனவே என்ற மறுப்பு வலுவற்றது. லின்சம், கொம்போக், ஜெராம் பாடாங் என்று பள்ளிகள் இன்றும் தோட்டப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. வரலாறு தொலைவாகும்போதுதான் பாடம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தேர்வுச் சுமை என்ற காரணமும் 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூ.பி.எஸ்.ஆர் நீக்கப்பட்டதும் பெரும்பாலும் போய்விட்டது. மற்ற மாநிலத் தோட்டங்களுக்கு இவ்வாசிப்பை அப்படியே நீட்ட நான் துணியவில்லை. நிலமும் பயிரும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

ஆனால் மதிப்பீட்டு முறை மாறவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. படைப்பின் அழகோடும் பயன்படுத்திய குப்பையின் அளவோடும் நிற்காமல், ஆசிரியர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும்: இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? யார் கைபட்டு வந்தது? இனி எங்கே போகும்? இவற்றுக்குத் தன் தோட்டத்தை வைத்து விடைசொல்லும் பிள்ளையே சுற்றுச்சூழலைக் கற்ற பிள்ளை.