இதய நோயாளர் தொலைக் கண்காணிப்பு

இதய நோயாளர் தொலைக் கண்காணிப்பு என்பது, இதய நோயுள்ள ஒருவரின் உடல்நிலை அளவீடுகளை அவர் இருக்கும் இடத்திலேயே பதிவு செய்து, வேறோர் இடத்தில் உள்ள மருத்துவருக்கோ செவிலியருக்கோ அனுப்பி, நோய் முற்றுவதற்கு முன்னரே ஆபத்தை அறிந்து செயற்படும் மருத்துவ முறையாகும். இது தொலைமருத்துவத்தின் ஒரு பிரிவு. ஈசிஜி என்று வழக்கில் அறியப்படும் இதய மின்னலை வரைவு, குருதியழுத்தம், நாடித்துடிப்பு, உடல் எடை, குருதியில் உள்ள ஆக்சிசன் அளவு ஆகியவை இம்முறையில் பெரும்பாலும் கண்காணிக்கப்படுகின்றன.

இம்முறை இரு வேறு தேவைகளுக்குப் பயன்படுகிறது. ஒன்று, மாரடைப்பு ஏற்பட்டவரின் ஈசிஜியைத் தொலைவில் உள்ள இதய மருத்துவரிடம் சில நிமிடங்களில் சேர்ப்பது. மற்றொன்று, இதயச் செயலிழப்பு போன்ற நீண்டகால நோயுள்ளவரை அவருடைய வீட்டிலேயே மாதக்கணக்கில் கவனித்து வருவது. முதலாவதில் தமிழ்நாட்டிற்குக் குறிப்பிடத்தக்க பட்டறிவு உண்டு. இரண்டாவதில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. கருவி அனுப்பும் அளவைப் பார்த்தவுடன் செயற்பட ஒருவர் இருந்தாரா என்பதே அம்மாறுபாட்டைப் பெருமளவு விளக்குகிறது.

வரலாறு

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 1905 ஆம் ஆண்டில், மருத்துவமனையில் இருந்த நோயாளரின் இதய மின்குறிகளைத் தொலைபேசிக் கம்பி வழியே ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவந்து பதிவு செய்தார். அவருடைய ஈசிஜி கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. அதை நோயாளரிடம் எடுத்துச் செல்ல இயலாததே இந்த ஏற்பாட்டிற்குக் காரணம். எனவே ஈசிஜியைத் தொலைவுக்கு அனுப்பும் கருத்து, ஏறத்தாழ ஈசிஜியின் வயதையே உடையது. அமெரிக்காவின் நார்மன் ஓல்டர் முதுகில் சுமந்து செல்லத்தக்க கருவியை 1940களின் இறுதியில் உருவாக்கினார். அதுவும் ஏறத்தாழ 38 கிலோ எடை கொண்டது. அதன் வழிவந்த சிறிய கருவியே இன்று ஓல்டர் கருவி என்று அழைக்கப்படுகிறது.

இந்தியாவில் 2000 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள அரகொண்டா என்னும் சிற்றூரின் மருத்துவமனை தொலைமருத்துவ இணைப்பு பெற்றது. அப்போதைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் அதனைத் தொடங்கி வைத்தார். தொடர்ந்து இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகப் பல மருத்துவமனைகளை இணைத்தது. செல்லிடத் தொலைபேசி வலையமைப்புகள் ஊர்தோறும் பரவிய பின்னர் செயற்கைக்கோளின் தேவை பெரிதும் குறைந்தது.

மாரடைப்பும் நேரமும்

இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனி ஒன்று குருதிக்கட்டியால் முழுமையாக அடைபடும்போது, ஈசிஜியின் எஸ்டி எனப்படும் பகுதி பெரும்பாலும் மேலெழும். இவ்வகை மாரடைப்பு ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ஸ்டெமி எனப்படுகிறது. அடைப்பு நீடிக்க நீடிக்கத் தசை மடிகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வதில்லை.

இதற்கு இரு வழிகளில் சிகிச்சை அளிக்கப்படுகிறது. ஆஞ்சியோபிளாஸ்டி மூலம் அடைப்பை நேரடியாகத் திறப்பது சிறந்தது. ஈசிஜியில் மாரடைப்பு உறுதியானதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் அதைச் செய்ய இயலாது எனில், டெனெக்டெப்ளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற கட்டி கரைக்கும் மருந்தை உடனே செலுத்திவிட்டுப் பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அடைப்பு திறந்திருந்தாலும், அங்கு 2 முதல் 24 மணி நேரத்திற்குள் ஆஞ்சியோகிராம் செய்யப்படும். இவ்விரண்டில் எது என்பதை முடிவு செய்ய ஈசிஜி தேவை. நோயாளரைப் பார்த்த 10 நிமிடங்களுக்குள் அது எடுக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டு மருத்துவ நெறி. ஈசிஜி எடுப்பது எளிது. நள்ளிரவில் அதைச் சரியாகப் படித்து, மருந்தைச் செலுத்தலாம் என்று பொறுப்பேற்றுச் சொல்லும் ஒருவர் சிற்றூர்களில் கிடைப்பது அரிது. தொலைவழி ஈசிஜி இந்த இடைவெளியையே நிரப்புகிறது.

தமிழ்நாடு ஸ்டெமி திட்டம்

கோயம்புத்தூரின் தாமசு அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி ஆகிய இதய மருத்துவர்கள் முன்னின்று உருவாக்கிய இத்திட்டம், கோவை, ஈரோடு பகுதிகளில் நடந்த ஒரு முன்னோட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் போன்ற அமைப்பு இதில் பின்பற்றப்பட்டது. ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனை குடமாகவும், அதனைச் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகள் ஆரக்கால்களாகவும் அமைந்தன. ஆரக்கால் மருத்துவமனையில் எடுக்கப்பட்ட ஈசிஜி மின்னணு முறையில் குட மருத்துவமனைக்குச் சென்றது. அங்கிருந்த மருத்துவரின் சொற்படி இங்கே மருந்து செலுத்தப்பட்டது. 108 அவசர ஊர்தி நோயாளரை ஏற்றிச் சென்றது. ஏழை நோயாளரின் செலவை மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் மற்றவை பயனற்றுப் போகும் என்பதால், நான்கும் ஒரே திட்டமாக இணைக்கப்பட்டன.

2012 முதல் 2014 வரை 2,420 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2017 இல் ஜாமா கார்டியாலசி இதழில் வெளிவந்தன. திட்டத்திற்கு முன் 35.0 விழுக்காட்டினருக்கே ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது. திட்டத்திற்குப் பின் அது 60.8 விழுக்காடாக உயர்ந்தது. ஓராண்டிற்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தனர். எனினும் மருத்துவமனையில் இருக்கும்போதே நேர்ந்த இறப்புகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே இத்திட்டத்தின் பயனை ஈசிஜி அனுப்பும் கருவிக்கு மட்டும் உரியதாகக் கொள்வது பொருந்தாது. நோயாளர் அடுத்த கட்டச் சிகிச்சையைச் சென்றடைந்ததே பெரிய மாற்றமாகும்.

சேலம், நாமக்கல் சமவெளி

இவ்வமைப்பின் தேவையை அறிய, சேலத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடையே நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள மல்லசமுத்திரம் பேரூராட்சியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பருத்தி ஏலத்திற்கும் விசைத்தறிக்கும் அறியப்பட்ட பகுதி இது. இங்கு நெஞ்சுவலி ஏற்பட்ட ஒருவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி தேவைப்பட்டால் சேலம், ஈரோடு போன்ற நகரங்களுக்கே செல்ல வேண்டும். சாலைப் பயணம் மட்டும் எனில் 120 நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். வலியை வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடா அருந்திக் காத்திருப்பது, முதலில் சென்ற இடத்தில் ஈசிஜி வசதி இல்லாமல் வேறிடம் செல்வது, பெரிய மருத்துவமனையில் குழு கூடும் வரை காத்திருப்பது ஆகியவையே நேரத்தை விழுங்குகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், களைப்பு ஆகியவற்றோடு மாரடைப்பு நேர்வதும் உண்டு.

தமிழ்நாடு அரசு 2023 இல் இதயம் காப்போம் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்குத் துணை சுகாதார நிலையங்களிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளின் முதல் தவணை அளிக்கப்பட்டு, பின்னர் அவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். இம்மாத்திரைகள் கட்டி மேலும் வளர்வதைத் தடுக்க உதவுமே அன்றி, ஏற்கெனவே உள்ள அடைப்பைத் திறப்பதில்லை. மாத்திரை உட்கொண்டபின் வலி குறைந்ததாகத் தோன்றினும் பயணத்தை நிறுத்தலாகாது.

நீண்டகால நோய்களைப் பொறுத்தவரை, 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் களப்பணியாளர்கள் வீடுகளுக்கே சென்று குருதியழுத்தத்தையும் நீரிழிவையும் கண்டறிந்து மருந்து வழங்குகின்றனர். மின்னணுக் கருவி எதையும் நோயாளர் உடலில் பொருத்தாவிடினும், ஆபத்தை முன்னறிதல் என்னும் பொருளில் இதுவும் தொலைக் கண்காணிப்பின் நெருங்கிய உறவே. 2024 இல் இதற்கு ஐக்கிய நாடுகளின் தொற்றாநோய்களுக்கான பணிக்குழு விருது கிடைத்தது. திருச்செங்கோடு வட்டாரத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுடன் பிற மாநிலங்களுக்குச் சென்று மாதக்கணக்கில் தங்கும் தொழிலாளர்களையும், நாமக்கல்லின் நெடுந்தூர லாரி ஓட்டுநர்களையும் வீட்டு வருகை எட்டுவது கடினம். உண்மையான தொலைக் கண்காணிப்பு முதலில் தேவைப்படுவது இவர்களுக்கே எனலாம்.

இதயச் செயலிழப்பு

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவது அன்று; உடலின் தேவைக்கேற்பக் குருதியை அது இறைக்க இயலாத நிலையாகும். திருவனந்தபுரத்தில் 2013 இல் 18 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 1,205 இதயச் செயலிழப்பு நோயாளரைப் பதிவு செய்த ஆய்வில், அவர்களின் சராசரி வயது 61.2 ஆக இருந்தது. மேலை நாடுகளில் இந்நோயாளர் பொதுவாக இதனினும் பத்து ஆண்டுகள் மூத்தவர்கள்.

இந்நோய் முற்றும்போது உடலில் நீர் தேங்குகிறது. மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடுவது ஓர் எச்சரிக்கை. கால் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் ஆகியவை பிற அறிகுறிகள். ஆகவே இந்நோய்க்கு மிக மலிவான கண்காணிப்புக் கருவி எடை பார்க்கும் பொறியே. நுரையீரல் தமனியின் அழுத்தம் எடைக்கும் முன்னரே உயரத் தொடங்குவதால், அத்தமனிக்குள் பொருத்தப்படும் சிறு உணரியும் உருவாக்கப்பட்டுள்ளது. 2011 இல் வெளிவந்த சாம்பியன் ஆய்வில், 550 நோயாளரிடையே இவ்வுணரி இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனைச் சேர்க்கையை ஆறு மாதங்களில் 28 விழுக்காடு குறைத்தது. இதன் விலை இந்திய நோயாளர் பலருக்கு எட்டாதது.

அமெரிக்காவில் 1,653 பேரிடம் நடந்து 2010 இல் வெளிவந்த டெலி எச்எஃப் ஆய்வில், நோயாளர் நாள்தோறும் தானியங்கித் தொலைபேசியை அழைத்து எடையையும் அறிகுறிகளையும் தெரிவித்தனர். பயன் ஏதும் காணப்படவில்லை. ஒதுக்கப்பட்டவர்களில் 14 விழுக்காட்டினர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. செருமனியில் 1,571 பேரிடம் நடந்து 2018 இல் வெளிவந்த டிம் எச்எஃப் 2 ஆய்வில் இறப்புகள் குறைந்தன. இரண்டிலும் எடை அளவிடப்பட்டது. செருமானிய ஆய்வில் ஈசிஜி, குருதியழுத்தம் ஆகியவையும் சேர்ந்தன. மேலும் இரவும் பகலும் மருத்துவரும் செவிலியரும் பணியிலிருந்த மையம் ஒன்று அவற்றைப் பார்த்து, உடனே நோயாளரை அழைத்து மருந்தை மாற்றியது.

பொய் எச்சரிக்கைகள்

கணினி நிரல்கள் பல அளவீடுகளைச் சேர்த்து ஆபத்தை முன்கூட்டியே கணிக்கின்றன. ஆயினும் இதில் ஒரு கணக்குச் சிக்கல் உள்ளது. எடுத்துக்காட்டாக, 1,000 நோயாளரில் ஒரு வாரத்தில் 20 பேருக்கு நோய் முற்றப்போவதாகக் கொள்வோம். நிரல் அவர்களில் 70 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கும். எஞ்சிய 980 பேரில் 5 விழுக்காட்டினருக்குத் தவறாக எச்சரிக்கும். அப்போது உண்மையான எச்சரிக்கைகள் 14, பொய்யானவை 49. ஐந்து அழைப்புகளில் ஏறத்தாழ நான்கு வீணானவை. சில வாரங்களில் செவிலியர் எச்சரிக்கை ஒலியைப் பொருட்படுத்தாமல் விடத் தொடங்குவர். மறுபுறம் 6 பேர் எச்சரிக்கையே இன்றி விடுபடுகின்றனர். கருவி ஒலிக்கவில்லை என்பதால் நோயாளர் தம் மூச்சுத்திணறலைப் புறக்கணிக்கலாகாது.

அளவீட்டிலும் பிழைகள் நேர்கின்றன. விரலில் மாட்டும் ஆக்சிசன் அளவி கருநிறத் தோலுடையவர்களிடம் ஆக்சிசனை உள்ளதைவிட மிகுதியாகக் காட்டக்கூடும் என்பதை 2020 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று மீண்டும் எடுத்துக்காட்டியது. தமிழ்நாட்டில் இது புறக்கணிக்கத்தக்க செய்தி அன்று. சட்டையின் மேல் கட்டப்பட்ட குருதியழுத்தப் பட்டை, நிழல் விழ எடுக்கப்பட்டு வாட்சப்பில் அனுப்பப்படும் ஈசிஜித் தாளின் ஒளிப்படம் ஆகியவற்றாலும் முடிவுகள் பிறழ்கின்றன. தறிக்கூடத்தின் இரைச்சலில் கைப்பேசி ஒலிப்பது கேட்பதில்லை.

சட்டமும் தரவும்

இந்தியாவில் தொலைமருத்துவத்திற்கான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச்சு 25 அன்று வெளியிடப்பட்டன. பதிவு பெற்ற மருத்துவரே தொலைவழி ஆலோசனை அளிக்கலாம் என்றும், செயற்கை அறிவு நிரல்கள் தாமாகவே நோயாளருக்கு மருந்து பரிந்துரைக்கலாகாது என்றும் அவை கூறுகின்றன. எண்ணிம முறையில் சேகரிக்கப்படும் தனிநபர் தரவுகளைக் காப்பதற்கான சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது. ஒரே கைப்பேசியைக் குடும்பம் முழுவதும் பயன்படுத்தும் வீடுகளில், நோயாளர் குறித்த செய்தியை முதலில் படிப்பவர் பெரும்பாலும் நோயாளர் அல்லர்; மகனோ மருமகளோ ஆவர். எச்சரிக்கை யாருடைய எண்ணுக்குச் செல்ல வேண்டும் என்பதை நோயாளரிடமே முன்கூட்டிக் கேட்டுப் பதிவு செய்வது இத்தகைய வீடுகளில் இன்றியமையாதது.