வாழைப்பழம் பெற்ற புகழும் கோதுமை தப்பிய பழியும்

ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு வயிறு கெட்டால், முந்தின நாள் அது தின்ற பழத்தின்மேல்தான் வீட்டாரின் ஐயம் முதலில் விழுகிறது. அதே வயிறு தேறினாலோ, இடையில் கொடுத்த பழத்துக்கே புகழும் போய்ச் சேர்கிறது. மருத்துவ வரலாற்றில் இதற்குப் பெருஞ்சான்று ஒன்று உண்டு. 1924 முதல் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம், குழந்தைகளைக் கொல்லக்கூடிய ஒரு குடல் நோய்க்கு வாழைப்பழம் மருந்தாகக் கொண்டாடப்பட்டது. குழந்தைகள் உண்மையாகவே பிழைத்தனர். ஆனால் அவர்களைப் பிழைக்க வைத்தது வாழைப்பழம் அன்று. இந்தப் பிழை எப்படி நேர்ந்தது, ஏன் இத்தனை காலம் நீடித்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நோயின் பெயர் சீலியாக். வயிற்றைக் குறிக்கும் 'கொய்லியா' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பண்டைய கிரேக்க மருத்துவர் அரெட்டேயஸ் கையாண்ட இச்சொல், அவருடைய நூலை பிரான்சிஸ் ஆடம்ஸ் 1856-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது புத்துயிர் பெற்றது. 1888-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக வரையறுத்து எழுதினார். ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை இது பெரிதும் தாக்குகிறது. மலம் வெளுத்து, நுரைத்து, நாற்றத்துடன் கழிகிறது. வயிறு உப்ப, கைகால்கள் சூம்புகின்றன. குணம் கிட்டுமாயின் அது உணவினால்தான் கிட்டும் என்பது கீயின் துணிபு. அவர் கண்ட குழந்தை ஒன்று நாள்தோறும் டச்சு நாட்டுச் சிப்பிகளை உண்டு தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நலிந்தது; அடுத்த பருவத்தில் அவற்றை உண்ண மறுத்துவிட்டது.

கீ வகுத்த உணவு விதிகளில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. அரிசி, ஜவ்வரிசி, சோளமாவு ஆகியவை ஆகா என்று அவர் விலக்கினார். மெல்லியதாக அரிந்து இருபுறமும் நன்கு வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். இன்று நாம் அறிந்ததற்கு இது நேர்த்தலைகீழ்: விலக்கப்பட்டவை தீங்கற்றவை, அனுமதிக்கப்பட்டதே நஞ்சு.

கூர்ந்து நோக்கும் ஒரு மருத்துவர் இப்படிப் பிரித்ததற்குக் காரணம் அவருடைய கண்ணன்று, அக்காலத்தின் வகைப்பாடு என்றே கருதுகிறேன். அரிசி, ஜவ்வரிசி, கோதுமை அனைத்தையும் 'மாவுப்பண்டம்' என்ற ஒரே கூடைக்குள் போடும் சொல் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழ் இதில் இன்னும் ஒருபடி மேலே போகிறது. மாவில் இருக்கும் சத்து மாவுச்சத்து என்று பெயரிட்டுவிட்டோம். மாவில் வேறு சத்தும் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எழாதவாறு சொல் வாயிலை அடைத்துவிடுகிறது. கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவினால் மாவுச்சத்து கரைந்தோடி, இழுபடும் பசைபோன்ற புரதம் எஞ்சும். போலோஞாவின் பெக்காரி இதைப் பிரித்துக் காட்டிய ஆய்வு 1745-இலேயே அச்சாகிவிட்டது. பசை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதைக் குளூட்டன் என்கிறோம். பிரிக்கும் வழி கையில் இருந்தும், ஐயம் மட்டும் இரண்டு நூற்றாண்டுக் காலம் மாவுச்சத்தின்மேலேயே நின்றது.

இந்தப் பின்னணியில்தான் நியூயார்க்கின் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாஸ் வருகிறார். 1924-இல் அவர் வெளியிட்ட கட்டுரை பத்துக் குழந்தைகளைப் பற்றியது. வாழைப்பழ உணவு பெற்ற எட்டுக் குழந்தைகள் தேறினர். பெறாத இருவர் இறந்தனர். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியங்கள் யாவும் நிறுத்தப்பட்டு, அவற்றின் இடத்தில் நன்கு கனிந்த வாழைப்பழங்கள் நாள்தோறும் பல கொடுக்கப்பட்டன. காய் கனியும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. மாவுச்சத்தைச் செரிக்கவியலாத குடல் அந்தச் சர்க்கரையை ஏற்கும். இதுவே விளக்கம். கனிதலின் வேதியியல் சரியானதே. அதனால்தான் முடிவும் சரியாகத் தோன்றியது. போர்ட்டோ ரிக்கோவில் ரொட்டி மிகுதியாகத் தின்னும் நகரத்தார்க்குக் குடல் நோய் வருகிறது, வாழைப்பழத்தை நம்பி வாழும் உழவர்க்கு வருவதில்லை என்பதையும் ஹாஸ் சுட்டிக்காட்டினார். ரொட்டி, வாழைப்பழம் இரண்டும் ஒரே வாக்கியத்தில் அவர்முன் நின்றன. அவர் வாழைப்பழத்தை மட்டும் பார்த்தார்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்யப்பட்டன: ஒன்று சேர்க்கப்பட்டது, மற்றொன்று நீக்கப்பட்டது. சேர்த்தது கண்ணுக்குத் தெரிகிறது. தட்டில் மஞ்சளாக இருக்கிறது. நீக்கியது தெரிவதில்லை. ஆகவே புகழ் சேர்த்ததற்குப் போயிற்று.

கோதுமையைக் குற்றவாளியாக நிறுத்தியவர் நெதர்லாந்தின் ஹேக் நகரக் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே. 1944–45 'பசிக் குளிர்கால'த்தில் ஊரெல்லாம் ரொட்டியின்றித் துலிப் கிழங்கைத் தின்றபோது, சீலியாக் குழந்தைகள் தேறினர். வானூர்திகளிலிருந்து ரொட்டி வந்திறங்கியதும் மீண்டும் நலிந்தனர் என்பது பலரும் சொல்லும் கதை. பஞ்சமே கண்டுபிடிப்பைத் தந்ததாக இதைச் சொல்வது முழு உண்மையன்று. 1930-களிலேயே டிக்கே கோதுமையை ஐயுற்றுக் குழந்தைகளுக்கு நிறுத்திப் பார்த்திருந்தார். 1941-இல் எழுதியும் இருந்தார். பஞ்சம் அவருடைய ஐயத்தை உறுதிப்படுத்தியது. 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அவர் தம் முடிவை நிறுவினார். வேதியியலாளர் வான் டி காமர், மருத்துவர் வெயர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து, உணவு மாற மாற அந்த அளவு மாறுவதைக் காட்டினார்கள். 1952-இல் பர்மிங்ஹாம் குழுவினர் கோதுமையைக் கூறுபடுத்திக் கொடுத்துப் பார்த்தனர். மாவுச்சத்து குற்றமற்றது, குளூட்டனே தீங்கு என்பது தெளிவாயிற்று.

ஹாஸ் இதை ஏற்கவில்லை. 1964-இல் மறையும்வரை வாழைப்பழ உணவையே வலியுறுத்தினார். இது வெறும் அறிஞர் பிணக்கன்று. வாழைப்பழத்தால் நோய் குணமாயிற்று என்றால், குணமானபின் குழந்தை மீண்டும் ரொட்டி தின்னலாம். கோதுமைதான் காரணம் என்றால், வாழ்நாள் முழுதும் தின்னலாகாது. முதல் விளக்கத்தை நம்பி வழக்கமான உணவுக்குத் திரும்பியவர்களின் சிறுகுடல் உறிஞ்சிகள் ஓசையின்றித் தேய்ந்துகொண்டிருந்திருக்கும். 1950-களின் நடுவில் குடல் திசுவை ஆராயும் வழி கிடைத்தபோதுதான் அந்தத் தேய்வைக் கண்ணால் காண முடிந்தது. சரியான பலன் தந்த தவறான விளக்கம், பிற்காலத்தில் தன் விலையைக் கேட்கிறது.

இந்தியாவில் இது நெடுங்காலம் மேலைநாட்டார் நோயாகவே எண்ணப்பட்டது. 1966-இல் வட இந்தியக் குழந்தைகளிடம் கண்டதாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. பெரியவர்களிடையே நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வொன்று நாட்டின் மூன்று பகுதிகளை ஒப்பிட்டது: நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் கொண்டோர் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை வடக்கில் சராசரி 455 கிராம், வடகிழக்கில் 37, தெற்கில் 25. வடகிழக்கின் எண்களை நோக்குங்கள்: தெற்கைவிடச் சிறிதே கூடுதலாகக் கோதுமை உண்ணும் இடத்தில் நோய் பன்மடங்கு மிகுதி. உண்ணும் கோதுமையின் அளவு தனியே முழுக் காரணமன்று என்பதற்கு இது குறிப்பு. ஒரு காரணத்தைக் கண்டவுடன் தேடலை நிறுத்துவது, ஹாஸின் பிழையை மறுபக்கத்திலிருந்து செய்வதாகும்.

வாழைப்பழத்துக்கும் நீதி வழங்க வேண்டும். 2001-இல் டாக்காவில் நடந்த ஆய்வில், நீடித்த வயிற்றுப்போக்கால் வாடிய ஓராண்டுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் பயன் தந்தது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் சிறு கொழுப்பமிலங்களாக மாறி, உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகிறது. இதே கருத்தில் வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. ஹாஸ் கனிந்த பழத்தை வற்புறுத்தினார். பயன் காட்டியதோ காய். அவர் அஞ்சிய மாவுச்சத்தே இங்கு மருந்து. பழச்சாற்றின் நிலை வேறு. ஆப்பிள், பேரிக்காய்ச் சாற்றிலுள்ள சார்பிட்டாலும் மிகுதியான ஃபிரக்டோசும் சிறு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்க வல்லவை. 'பழம் ஒத்துக்கொள்ளாது' என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் காய், கனி, சாறு மூன்றும் அடைபட்டுக் கிடக்கின்றன.

எனவே, எடை ஏறாமல் நெடுநாள் வயிற்றுப்போக்கோடு வாடும் குழந்தைக்கு எதைக் கொடுத்தீர்கள் என்று கேட்பதோடு, எதை நிறுத்தியபோது தேறியது என்றும் கேட்க வேண்டும். அதே சமயம் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே வீட்டார் தாமாகக் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது; நிறுத்தினால் நோய் இருந்தும் சோதனையில் தெரியாமல் போகலாம்.

மொழியியல் நண்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மொழிகளில் மாவையும் மாவுச்சத்தையும் ஒரே வேர்ச்சொல் குறிக்கிறதா, வெவ்வேறு சொற்களா? கோதுமை உண்ணும் பகுதிகளின் வழக்கை அறிய விரும்புகிறேன்.