பதினான்கு காரட்டும் பத்தரின் பட்டறையும்



சென்ற மாதம் என் தாயாரின் கம்மலில் திருகாணியின் மரை தேய்ந்து கழன்றுவிட்டது. தில்லி கரோல்பாக்கில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் கடைக்காரர், "இதற்கு நீங்கள் மேலே போக வேண்டும்" என்று ஒரு குறுகிய மாடிப்படியைக் காட்டினார். மூன்று மாடி ஏறினோம். ஒரு சிற்றறை, அதில் ஆறு பேர் தரையில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அனைவரும் மேற்கு வங்காளத்தின் மேதினிபூர்ப் பக்கத்தினர். அவர்களுள் மூத்தவர் கம்மலை வாங்கி, விளக்கொளியில் இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்தார். "நல்ல கை செய்தது; யார் செய்தது?" என்று இந்தியில் கேட்டார். என் தாயாருக்கு விடை தெரியவில்லை. எத்தனை பவுன், எந்த ஆண்டு, என்ன விலை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். செய்தவர் பெயர் மாத்திரம் தெரியவில்லை.

அந்தக் கேள்வியே இன்றைய உரைக்கு வித்து. நகையின் எடையையும் மாற்றையும் நம் நாடு மிகுந்த கவனத்துடன் கணக்கிட்டு வந்திருக்கிறது. செய்தவரின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? இக்கேள்விக்கு விடை தேடுவோர் நம் அண்மைக்கால வரலாற்றில் ஒரு சட்டத்தைக் கட்டாயம் நினைவுகூர வேண்டும். அதுவே 1963ஆம் ஆண்டின் தங்கக் கட்டுப்பாடு.

முதலில் நம் மொழியையே சற்று நோக்குவோம். காரட் என்னும் சொல் வருமுன்னரே தமிழர் பொன்னின் தூய்மையை 'மாற்று' என்னும் அளவால் குறித்தனர். பழுதற்ற பொன் பத்தரைமாற்றுத் தங்கம். இன்று நல்ல மனிதரையும் அச்சொல்லால் புகழ்கிறோம். உரைகல், உலை, ஊதுகுழல், செய்கூலி, சேதாரம் ஆகியவை பட்டறையிலிருந்து வீட்டுப் பேச்சுக்கு வந்த சொற்கள். பற்றுப்பொடி வைத்து ஊதி இரு துண்டுகளை இணைக்கும் பத்தரின் செய்கையிலிருந்தே 'பொடி வைத்துப் பேசுதல்' பிறந்தது என்று சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இராஜராஜ சோழன் காலத்து அணிகலன்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று பெயரே இருந்தது. எடைக்கல்லுக்குப் பெயர் சூட்டிய நாட்டில், நம் வீட்டு நகையைச் செய்தவரின் பெயர் மட்டும் வீட்டுக் கணக்கில் ஏறவில்லை.

இனி 1962க்கு வருவோம். அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படையெடுப்பு நிகழ்ந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் இருந்தது. அப்போது உள்நாட்டில் தங்கத்தின் விலை, வெளிநாட்டு விலையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அந்த வித்தியாசமே கள்ளக் கடத்தலுக்குத் தூண்டுகோல். அவ்வாறு வந்த தங்கத்துக்கெல்லாம் நாட்டின் செல்வம் இரகசியமாக வெளியேறிக்கொண்டிருந்தது. மக்களின் தங்க ஆசையைக் குறைத்தால் விலை இறங்கும், கடத்தலும் ஓயும் என்று சர்க்கார் எண்ணியது. முதலில் தங்கப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. பின்னர் 1963 ஜனவரியில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொணர்ந்தார். 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்தல் கூடாது என்பது அவற்றின் உயிர்நாடி.

நோக்கம் அற்பமானதன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த விதியின் பாரம் யார் தோளில் விழுந்தது?

22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். 14 காரட்டில் பத்துப் பங்கு செம்பு, வெள்ளி முதலியவை கலந்திருக்கும். எண்ணில் இது சிறு மாற்றம். பட்டறையிலோ வேறொரு தொழில். கலப்பு மிகுந்த தங்கம் கடினமானது. கம்பியாக இழுக்கும்போது இடையிடையே பல முறை காய்ச்சி இளக்க வேண்டும். பற்றுப்பொடியின் கலவை மாறும், நெருப்பின் அளவு மாறும், நிறமும் மங்கும். இராஜஸ்தானத்துக் குந்தன் வேலையில் தூய தங்கத் தகட்டை நெருப்பின்றியே கல்லைச் சுற்றி அழுத்திப் பதிக்கிறார்கள். தங்கம் மெழுகுபோல் மிருதுவாக இருப்பதாலேயே அது இயல்கிறது. அத்தகைய நுட்பத்துக்கு 14 காரட் இடங்கொடாது. தந்தையிடமிருந்து மகன் இருபது ஆண்டுகளில் கற்ற கைப்பழக்கத்தை ஓர் இரவில் மறந்து, வேறொன்றைக் கற்றுக்கொள்ளுமாறு சொன்னதற்கு ஒப்பாயிற்று அந்த விதி. கற்றுக்கொண்டாலும் வாங்குவார் இல்லை. மங்கிய நிறத்தில் திருமாங்கல்யம் செய்துகொள்ள எந்தக் குடும்பம் முன்வரும்?

'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்பது நம் முதுமொழி. 1963இல் தை பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் இவ்விதி பிறந்தது. என் பாட்டியார் சொல்லக் கேட்ட செய்தி ஒன்று. எங்கள் பெரிய அத்தையின் திருமணம் அந்தத் தை மாதத்தில் நிச்சயமாகியிருந்தது. வாங்கி வைத்திருந்த தங்கம் பத்தரிடம் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் காலை அவர் அதை அப்படியே துணியில் முடிந்து திரும்பக் கொண்டுவந்தாராம். "அம்மா, என்னால் இனி இதைத் தொட முடியாது" என்று திண்ணையில் வைத்துவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடியாமல் போய்விட்டாராம். பாட்டியார் தம் கழுத்திலிருந்த சங்கிலியையே மகளுக்கு அணிவித்தார். திருமணம் நடந்தது. அந்தப் பத்தரின் மகன் பிற்காலத்தில் ஓர் அலுவலகத்தில் ஏவலராகச் சேர்ந்தார். எங்கள் தெருவில் அதன்பிறகு உலை எரியவில்லை.

இது ஒரு தெருவின் கதை. நாடெங்கும் இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு இதுவே நேர்ந்தது. பெரு வணிகர் பொறுத்திருக்கலாம். அன்றாடக் கூலியில் வாழ்ந்த பொற்கொல்லர் எங்ஙனம் பொறுப்பார்? ஊர்வலங்களும் உண்ணாவிரதங்களும் நடந்தன. வறுமை தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் பாராளுமன்றம் வரை எட்டின. கடன் உதவி, பிள்ளைகளின் கல்விக்கு உதவி, அரசுப் பணியில் வயது வரம்புத் தளர்வு ஆகியவற்றைச் சர்க்கார் அறிவித்தது.

அக்காலத்து ஆணைகளில் இவர்களுக்கு ஒரு பெயர் வழங்கப்பட்டது: 'டிஸ்பிளேஸ்டு கோல்டுஸ்மித்ஸ்'. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் உறுத்துகிறது. பிரிவினையின்போது வீடும் ஊரும் இழந்து எல்லை கடந்து வந்தவர்களையும் இதே 'டிஸ்பிளேஸ்டு' என்னும் அடைமொழியால்தான் குறித்தார்கள். பொற்கொல்லரோ எங்கும் போகவில்லை. தம் ஊரில், தம் வீட்டுத் திண்ணையில், குளிர்ந்த உலையின் எதிரிலேயே அமர்ந்திருந்தார். இருந்த இடத்திலிருந்தே இடம்பெயர்க்கப்பட்டவர் அவர். இதற்கு நேரான தமிழ்ச்சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

காமராஜ் திட்டத்தின்படி 1963 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் பதவி விலகினார். அடுத்து நிதி மந்திரியானவர் நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. பழைய நகையை உருக்கி அதே தூய்மையில் புதிதாகச் செய்து கொடுக்கப் பொற்கொல்லருக்கு அனுமதி கிடைத்தது. 1966இல் 14 காரட் வரம்பே நீக்கப்பட்டது. ஆனால் கட்டுப்பாடு நீங்கவில்லை. 1968இல் அது தனிச் சட்டமாயிற்று. பொற்கொல்லர் சான்றிதழ் பெற வேண்டும். கையிருப்புத் தங்கத்துக்கு வரம்பு உண்டு. கணக்கேடு எழுத வேண்டும். 1969இல் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளைச் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது. சட்டம் திருத்தம் பெற்று நீடித்தது. இறுதியில் 1990இல்தான் அது அடியோடு நீக்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள் கட்டுப்பாடு இருந்தும் கடத்தல் ஒழியவில்லை. தங்க ஆசையும் குறையவில்லை. குறைந்தவை உலைகளே.

இதில் வியப்பொன்று உண்டு. ஒரு கையால் உலையை அணைத்த அதே காலத்தில், அரசு மறு கையால் கைவினையை வளர்த்துக்கொண்டும் இருந்தது. 1952இல் அகில இந்தியக் கைத்தொழில் வாரியம் அமைந்தது. அதற்குத் தலைமையேற்ற கமலாதேவி சட்டோபாத்யாயர் ஊர் ஊராகச் சென்று அருகிவரும் கலைகளைத் தேடினார். கைவினைஞரைச் சந்தையோடு இணைப்பதும், பழைய நுட்பத்தில் புதிய வடிவங்களைப் பிறப்பிப்பதும் அவ்வியக்கத்தின் குறிக்கோள்கள். 1965 முதல் சிறந்த கைவினைஞருக்குத் தேசிய விருதுகள் வழங்கப்பட்டன. விருதுப் பட்டயத்தில் செய்தவரின் பெயர் எழுதப்பட்டது. அதுவே பெரிய மாற்றம்.

கட்டக் நகரத்துத் தாரகாசி, தெலங்கானத்தின் கரீம்நகர் இழைவேலை ஆகிய இரண்டிலும் வெள்ளியை மயிரிழையாக இழுத்துப் பின்னுகிறார்கள். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில், தெய்வத் திருமேனிகளுக்கென்று தோன்றிய கோயில் நகை, பரதநாட்டிய மேடைக்கென வெள்ளியிலும் சிவப்புக் கல்லிலும் புத்துருவம் பெற்றது. இம்மூன்றும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை. கட்டக் தாரகாசிக்கு அது 2024இல் கிடைத்தது. குறியீடு ஊருக்குப் பெருமை. ஆயினும் இழை பின்னுபவரின் நாட்கூலியை அது தானாக உயர்த்திவிடாது. வாங்குவோர் வந்தால்தான் உயரும்.

புதுமையை விற்பது எளிதன்று. 1990களில் நம் ஒசூரில் நவீன ஆலை அமைத்த ஒரு பெருநிறுவனம், மேனாட்டுப் பாணியில் 18 காரட் நகைகளை அறிமுகப்படுத்தியது. பெயர் சொல்லி விளம்பரம் செய்வது நம் வேலையன்று. மக்கள் அவற்றை விரும்பவில்லை. நிறுவனம் 22 காரட்டுக்குத் திரும்பியது. சட்டம் வற்புறுத்தியும் ஏற்காததை, விளம்பரம் வேண்டியும் நம் மக்கள் எளிதில் ஏற்கவில்லை. காரணம் வெளிப்படை. நம்மவருக்கு நகை அழகு மட்டுமன்று. ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. எடைக்கு விலை உண்டு. அடகுக் கடையில் கைவேலைக்கு விலை இல்லை. கைவேலை மதிப்பற்றதாகும்போது கைவினைஞரும் மதிப்பற்றவராகிறார். புதிய நகைக்கலை நம்மிடம் வேரூன்றத் தயங்குவதன் உண்மைக் காரணம் இதுவே என்பது என் துணிபு.

இன்று நிலை என்ன? 2000இல் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை வந்தது. 2021 ஜூனில் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இன்றி நகை விற்கக்கூடாது. அந்த அடையாளத்தைக் கைபேசியில் இட்டால் தூய்மை, விற்பனையாளர், சோதனை நிலையம் ஆகியவை தெரியும். வாங்குவோருக்கு இது பெரும் காப்பு, வரவேற்கத்தக்கது. ஆயினும் அதிலும் செய்தவரின் பெயர் இல்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி விஸ்வகர்மா திட்டத்தில் பதினெட்டுத் தொழில்களுள் பொற்கொல்லர் தொழிலும் ஒன்று. பயிற்சி, கருவிகளுக்கு 15,000 ரூபாய், ஐந்து விழுக்காடு வட்டியில் முதலில் ஓர் இலட்சம், பின்னர் இரண்டு இலட்சம் வரை கடன் என்பன அதில் உண்டு. பட்டறை வைத்திருப்போர் இதை அறிந்து பயன்பெற வேண்டும்.

ஆனால் கரோல்பாக்கின் மூன்றாம் மாடியிலும், மும்பை ஜவேரி பஜாரிலும், கோயம்புத்தூரிலும் பிறர் பட்டறையில் கூலிக்கு அமர்ந்திருப்போருள் பலர் வெளி மாநிலத்தார். 2020இல் ஊரடங்கு வந்தபோது பலர் தொழிலின்றி ஊர் திரும்பினார்கள். அவர்களும் நம்மைப் போலவே பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்கு வந்தவர்கள். வாடகை வீட்டில் பெயர் கேட்காமல் 'மதராஸி' என்று அழைக்கப்பட்ட அனுபவம் நம்மில் மூத்தோர் பலருக்கு உண்டு. பெயரற்றிருப்பதன் வருத்தம் நமக்கு விளங்காததன்று.

நாம் செய்யக்கூடியவை சிலவே. நகை வாங்கும்போது செய்தவர் யார், எந்த ஊர் என்று கேட்போம். செய்கூலியைப் பேரம் பேசிக் குறைப்பதற்கு முன், அது ஒருவரின் உணவு என்பதை எண்ணுவோம். தேய்ந்த நகையை உடனே மாற்றிவிடாமல் செப்பனிடுவோம். சிறு வேலைகளாலும் பட்டறை வாழும். மகளுக்குப் பவுன் சேர்க்கும்போதே, எடைக்காக அன்றிக் கைவேலைக்காக ஒரு சிறு வெள்ளி நகையேனும் வாங்குவோம்.

என் தாயாரின் திருகாணி அரைமணி நேரத்தில் சரியாயிற்று. கூலியைக் கொடுத்துவிட்டு அவர், தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், அந்தப் பெரியவரின் பெயரைக் கேட்டார். பெரியவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு சொன்னார். வீட்டுக்கு வந்ததும் தாயார் தம் நகைக் கணக்குப் புத்தகத்தை எடுத்தார். கம்மலின் எடைக்கும் விலைக்கும் கீழே, காலியாக இருந்த இடத்தில், அந்தப் பெயரைத் தமிழில் எழுதி வைத்தார்.