யாருடைய கனவு உத்தரவாகிறது?



காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையில் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சிவன்மலை. மலைமேல் உள்ள சுப்பிரமணிய சுவாமி கோயிலின் முன்மண்டபத் தூணில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று பெயர். பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து, இன்ன பொருளைப் பெட்டியில் வை என்று சொல்வார். அந்தப் பக்தர் கோயிலுக்கு வந்து தன் கனவைச் சொல்வார். உடனே வைத்துவிட மாட்டார்கள். சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

மண், தண்ணீர், தங்கம், மஞ்சள் என்று பலவும் அதில் இருந்திருக்கின்றன. பொருள் மாறினால் செய்தித்தாளில் வரும். விலை ஏறுமா இறங்குமா என்று வியாபாரிகள் பேசிக்கொள்வார்கள். 2004 சுனாமிக்கு முன்னால் பெட்டியில் தண்ணீர் இருந்தது என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் சான்று. தண்ணீருக்கு அந்த அர்த்தம் சுனாமி வந்த பிறகுதானே கிடைத்தது என்று கேட்டுப் பகுத்தறிவாளர் நகர்ந்துவிடலாம். சமூகவியல் படித்தவருக்கு அதற்கு முந்தைய படிதான் முக்கியம். கனவு எல்லோருக்கும் வருகிறது. அது உத்தரவாக மாறுவதற்கு நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் நிற்பது யார்?

இந்த வாசல் மிகப் பழையது. இன்றைய சிரியாவில் இருந்த மாரி நகரத்தில், கி.மு. 18ஆம் நூற்றாண்டில் சிம்ரிலிம் என்ற அரசனுக்கு எழுதப்பட்ட களிமண் கடிதங்கள் கிடைத்துள்ளன. குடிமக்கள் கண்ட கனவுகளை அதிகாரிகள் அரசனுக்கு எழுதி அனுப்பினார்கள். பல சமயம் கனவு கண்டவரின் தலைமயிரில் ஒரு கற்றையும் ஆடையின் ஓரத்தில் ஒரு துண்டும் கடிதத்தோடு போகும். அவற்றை வைத்துக் குறிகேட்டுச் சரிபார்த்த பிறகே கனவுக்கு மதிப்பு. நம்மூர்ப் பூக்கேட்பை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

கிரேக்கரின் இலியட் காவியத்தில் இன்னும் வெளிப்படையான ஓர் இடம் உண்டு. அகமெம்னன் தன் கனவைச் சபையில் சொல்கிறான். முதியவர் நெஸ்டர் எழுந்து, வேறு எவன் இந்தக் கனவைச் சொல்லியிருந்தாலும் பொய் என்று தள்ளியிருப்போம், சொன்னவன் நம்மில் பெரியவன் என்பதால் நம்புவோம் என்கிற பொருளில் பேசுகிறார். வேடிக்கை என்னவென்றால், அது அவனை ஏமாற்றக் கடவுளே அனுப்பிய பொய்க்கனவு.

வாசலில் நின்றவர்களைக் கேள்வி கேட்ட மரபும் நம்மிடம் உண்டு. பௌத்த ஜாதகக் கதைகளில் மகாசுபின ஜாதகம் என்று ஒன்று. கோசல மன்னன் ஒரே இரவில் பதினாறு கனவுகள் கண்டு நடுங்குகிறான். ஆட்சிக்கோ உயிருக்கோ செல்வத்துக்கோ ஆபத்து, நாற்சந்திகள்தோறும் உயிர்ப்பலியோடு வேள்வி நடத்த வேண்டும் என்கிறார்கள் பிராமணர்கள். மன்னனைத் தடுத்து, புத்தரிடம் போய்க் கேள் என்று அனுப்புகிறவள் அரசி மல்லிகை. அவள் பூமாலை கட்டுவோர் குடும்பத்தில் பிறந்தவள் என்கிறது மரபு. புத்தர் முதலில் அச்சத்தை எடுத்துவிடுகிறார்: இக்கனவுகளால் உனக்குக் கேடில்லை, தங்கள் பிழைப்புக்காக அப்படிச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொன்றாக விளக்குகிறார். அரண்மனை வாயிலில் நிறைந்த குடம் ஒன்று, சுற்றிலும் வெற்றுக் குடங்கள்; மக்கள் எல்லோரும் நிறைந்த குடத்திலேயே நீர் ஊற்றுகிறார்கள். தம் வீட்டுக் குதிர் காலியாகக் கிடக்க, அரசனின் களஞ்சியத்தை மக்கள் நிரப்பும் காலம் வரும் என்பது அதன் பொருள். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வரும் யாருக்கும் இதற்கு மேல் விளக்கவுரை வேண்டாம். ஆனால் அதே கதையில், தாழ்ந்த குலத்தார் உயர்பதவிக்கு வருவதும் கெட்ட காலத்தின் குறியாகவே சொல்லப்படுகிறது. நமக்குப் பிடித்த கதை என்பதற்காக அதை மறைக்கத் தேவையில்லை. பௌத்தப் பிரதிகளுக்குள்ளும் வேறு கைகள் வேலை செய்திருக்கின்றன.

இனி நந்தனாருக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில், ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்த நந்தனார் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் ஒலிக்கிறது. அவர் வெளியே நிற்கிறார். தில்லையைச் சுற்றிச் சுற்றி வந்து அசந்து தூங்கும்போது இறைவன் கனவில் வருகிறார். என்ன சொல்கிறார்? தீயில் மூழ்கிப் பிறவி நீங்கி, முப்புரி நூலோரோடு வா என்கிறார். தீ அமைக்கும்படி தில்லைவாழ் அந்தணர்களுக்கும் உத்தரவு போகிறது. தென்மதில் வாயிலுக்கு வெளியே தீ மூட்டப்படுகிறது.

இந்தக் கனவை வெறும் பக்திக் கதையாகப் படிக்க முடியாது. கனவில் வந்து பேசக்கூடிய கடவுள், கதவைத் திற என்று அந்தணர்களிடம் சொல்லியிருக்கலாம். திருப்புன்கூரில் நந்தியை விலகச் சொன்ன கடவுள் அவர். தில்லையில் விலக வேண்டியவர்கள் மனிதர்கள் என்றதும் உத்தரவு மாறிவிடுகிறது. எரிய வேண்டியது நந்தனின் உடல். நந்தனின் ஆசையை நந்தனுடைய கனவைக்கொண்டே முடித்துவைக்கிறது இந்தக் கதை. கொன்றவர் பெயர் வெளியே வராமல் இருக்க இதைவிடச் சிறந்த சாட்சி எது? அயோத்திதாசர் நந்தனைப் பௌத்த மன்னனாகத் திருப்பி எழுதியபோது இந்தச் சாட்சியைத்தான் தள்ளுபடி செய்தார்.

கோயில் கதவுகள் கனவால் திறக்கவில்லை. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் நுழைந்தார்கள். அதே ஆண்டு அதற்குப் பாதுகாப்பாகச் சட்டம் வந்தது. 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அந்த உத்தரவுக்கு யாரும் பூப்போட்டுக் கேட்கவில்லை.

ஆய்வு செய்ய வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். நம் பகுதியில் கொப்பரைக் களங்களிலும் நூற்பாலை விடுதிகளிலும் அரிசி ஆலைகளிலும் வேலை செய்கிறவர்களின் கனவுகளைக் கேட்டு எழுதுங்கள். கனவை மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். விடிந்ததும் முதலில் யாரிடம் சொன்னார், கேட்டவர் என்ன பலன் சொன்னார், யாரிடம் சொல்லப் பயந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.