முதலடி: மலையகக் காமன் கூத்தும் ஜாஸ் நடனமும்

ஆடற்கலைகளின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் தோற்றம், கதை, பாத்திரங்கள், அரங்கு என்பவற்றையே பெரிதும் ஆராய்வர். ஓர் ஆடலைப் புதிதாகப் பயில வருபவன் முதல் நாளில் எதைக் கற்கின்றான் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஆயின் ஒரு சமூகத்தின் வரலாறு அம்முதலடியிலேயே செறிந்து கிடத்தல் கூடும். தோட்டத் தொழிலாளர் வாழ்விற் பிறந்த அல்லது வளர்ந்த இரு ஆடல்களை இந்நோக்கில் ஒப்பிடுவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். ஒன்று நுவரெலியா, அட்டன் முதலிய மலையகப் பகுதிகளிற் பயிலப்படும் காமன் கூத்து. மற்றது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி உலகெங்கும் பரவிய ஜாஸ் நடனம்.

இலங்கையின் மத்திய மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய 19 ஆம் நூற்றாண்டில், தஞ்சை, திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கவே, தேயிலையே மலைநாட்டின் பயிராயிற்று. 1880களில் அட்டன், நானுஓயா ஆகிய இடங்களைப் புகையிரதம் எட்டியது. கடலையும் காட்டையும் கடந்து வந்த அம்மக்களின் கைப்பொருள் மிகச் சிறிது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளையோ அவர்கள் தம் நினைவிலே சுமந்து வந்தனர்.

காமன் கூத்து மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் பிறை கண்டு கம்பம் ஊன்றுவதுடன் தொடங்குகின்றது. ஆடுவோர் காப்புக் கட்டி விரதம் காப்பர். மன்மதனும் ரதியும் மணம் புரிதல், தவத்திலிருக்கும் சிவனை நோக்கி மன்மதன் கணை தொடுத்தல், நெற்றிக் கண்ணால் எரிதல், ரதியின் புலம்பல், அவன் மீள உயிர்பெறுதல் என்று கதை செல்லும். ரதியாக ஆடுபவரும் மரபின்படி ஆண்மகனே. ஆடுகளம் லயன்களுக்கு அண்மையிலுள்ள காமன் பொட்டல். ஆடுவோனுக்கும் பார்ப்போனுக்கும் இடையே உயர்ந்த மேடை இல்லை.

இக்கூத்தைப் பயில்பவனுக்கு முதற்பாடம் காதிலேயே தொடங்குகின்றது எனலாம். சிறுவயது முதல் இரவுகளிற் கண்விழித்துக் கண்ட ஆட்டமும் கேட்ட தப்பொலியுமே அவனுடைய பாடநூல். தப்பின் ஒரே முகத்தை நீண்ட மெல்லிய குச்சியும் குறுகிய தடித்த குச்சியும் அடிக்க எழும் தாளத்தில், எந்த அடிக்கு எந்தக் கால் என்பதைக் கூத்து வாத்தியாரின் பின் நின்று அவன் உணர்ந்துகொள்கின்றான். உறுப்பை ஒன்றொன்றாகப் பிரித்துப் பழகும் முறை அங்கில்லை. முழு ஆட்டத்தினுள்ளே இறங்கி, பிழைத்து, திருந்தியே அவன் ஆட்டக்காரனாகின்றான்.

இவ்விடத்து ஒரு வரலாற்று முரண் கருதத்தக்கது. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பொலியே. பகலில் வேலைக்கு ஏவிய கருவியே மாசி இரவில் அதே கால்களை ஆடவும் வைத்தது. துரைக்குரிய தாளத்தைத் தமக்குரியதாக மீட்டுக்கொண்ட செயலாக இதனைக் கொள்ளலாம். அமெரிக்காவில் இதன் மறுபக்கத்தைக் காண்கின்றோம். 1739 இல் தென் கரோலினாவில் அடிமைகள் பறையொலியுடன் கிளர்ந்தெழுந்தனர். 1740 இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்கள் பறை வைத்திருப்பதைத் தடுத்தது. பறை பறிக்கப்பட்ட இடங்களில் உள்ளங்கையும் தொடையும் குதிகாலுமே பறையாயின. ஜாஸ் நடனத்தின் தாள உணர்வுக்கு இவ்வடிமை வாழ்வின் ஆடல்களே அடித்தளம்.

ஜாஸ் நடனம் பயில வருபவனுக்கு இன்று தளர்ந்து வளைந்த முழங்கால், நிலத்தை நோக்கிய உடற்பாரம், எதிர்பாராத இடத்தில் விழும் தாள அழுத்தம் என்பன முதலிற் கற்பிக்கப்படுகின்றன. அடுத்து, தலை, தோள், மார்பு, இடை ஆகியவற்றை மற்ற உறுப்புகள் அசையாதிருக்கத் தனித்தனியே இயக்கும் பயிற்சி வரும். 1920களில் நியூயோர்க் நடனக்கூடங்களில் மக்கள் ஒருவரையொருவர் பார்த்தே கற்ற ஆட்டம், 1940களில் கதரின் டன்ஹம், ஜாக் கோல் போன்றோரால் வகுப்பறைக்குரிய பயிற்சிமுறையாயிற்று. ஜாக் கோல், லா மெரி என்னும் அமெரிக்க நடனமாதிடம் பரதநாட்டியம் பயின்று, அதன் அசைவுகளை ஜாஸ் இசையுடன் இணைத்தவர். ஆகவே, ஜாஸ் மாணவன் பழகும் அடிப்படை அசைவுகளிலே தமிழகத்து ஆடலின் சுவடும் கலந்துள்ளது.

பரதம் அவ்வாறு கடல் கடந்து மதிப்புப் பெற்ற காலத்தில், மலையகக் கூத்து எந்நிலையில் இருந்தது? 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. குடும்பங்கள் பிரிந்து கப்பலேறியபோது கூத்து வாத்தியார்களும் தப்புக் கலைஞர்களும் அவர்களுடன் சென்றிருப்பர் என்பதை உய்த்துணரலாம். ஏட்டில் இல்லாத கலைக்கு ஆசான் ஒருவரின் பிரிவு ஒரு நூலகத்தின் இழப்பாகும். இதே காலப்பகுதியிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர் (1962), இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றி மட்டக்களப்புக் கூத்துக்குப் புதுவாழ்வளித்தார். அப்பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த மலைகளில் ஆடப்பட்ட கூத்துக்கு அத்தகைய கவனம் அன்று கிட்டவில்லை.

இழப்புக்குக் காரணம் அரசு மட்டுமன்று, நம் சமூகமுமாகும். ஆட்டத்தின் முதலடியைத் தருபவர் தப்படிப்பவர். அவரையே சாதியின் பெயரால் தாழ்வாக நோக்கிய வழக்கம் தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கும் வந்தது. ஆட்டத்தைப் புகழ்ந்து அடிப்பவரை ஒதுக்கும் சமூகத்தில், அவர்தம் பிள்ளைகள் அக்கருவியைக் கைவிட விரும்பினால் அவர்களைக் குறைகூறல் முறையன்று. தப்புக் கலைஞருக்கு ஆசிரியருக்குரிய மதிப்பை அளிக்காத வரை காமன் கூத்தைப் பாதுகாத்தல் பற்றிய பேச்சு வெறும் பேச்சேயாகும்.

ஜாஸ் நடனம் வகுப்பறைக்குட் சென்று உலகை வென்றது. எனினும் அதனைத் தோற்றுவித்த மக்களின் பெயர் பல வகுப்பறைகளில் மறக்கப்பட்டது. காமன் கூத்து பொட்டலிலேயே நின்று தன் மக்களைப் பிரியாதிருந்தது. ஆயின் ஆசான்கள் குறையக் குறைய அதன் அடவுகளும் குறைகின்றன. அடவுகளையும் அடிகளையும் ஒலியாகவும் படமாகவும் பதிவுசெய்தல் பல்கலைக்கழகத்தாரின் கடமை. அப்பதிவுடன் மாசி இரவிற் பொட்டலுக்குச் சென்று, வாத்தியாரின் பின் வரிசையில் ஒரு மாணவனாக நிற்பதும் வேண்டும். அங்கே நம் முதலடி பிழைக்கும். திருத்துவதற்குத் தப்பொலி இன்னும் இருக்கின்றது.