மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பழுதும் செல்லின் பாதுகாப்பும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

உடலுக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதியைச் செல்களுக்குள் உள்ள மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உற்பத்தி செய்கின்றன. இவற்றுக்கெனத் தனி டி.என்.ஏ. உண்டு. 37 மரபணுக்களைக் கொண்ட இந்தச் சிறு வளையம் தாய்வழியாகவே பிள்ளைகளுக்கு வருகிறது.

பழுது எவ்வாறு ஏற்படுகிறது?

விறகு எரியும்போது புகை எழுவதுபோல, ஆற்றல் உற்பத்தியின்போது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாகின்றன. இயல்பான அளவைச் செல் தானே சமன்செய்துகொள்ளும். அளவு மிகும் நிலையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது. புகையிலை, விறகடுப்புப் புகை, கட்டுப்பாடற்ற நீரிழிவு ஆகியவை இதனை அதிகரிக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. உற்பத்தி நிகழும் இடத்திற்கு மிக அருகில் இருப்பதால் எளிதில் பழுதடைகிறது.

செல் எவ்வாறு சரிசெய்கிறது?

சில நொதிகள் பழுதான பகுதியை வெட்டி நீக்குகின்றன. பாலிமரேஸ் காமா என்னும் நொதி அவ்விடத்தை நிரப்புகிறது. ஒரு செல்லில் இந்த டி.என்.ஏ.வின் நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான பிரதிகள் இருப்பதால், மிகவும் சிதைந்தவை அகற்றப்பட்டாலும் செல் பிழைக்கிறது. பழுது எல்லை மீறினால் செல் மடியும். மிகுந்த ஆற்றல் தேவைப்படும் மூளை, இதயம், தசை, கண், செவி ஆகியவை முதலில் பாதிக்கப்படலாம்.

மாத்திரைகள் பயன் தருமா?

இப்பழுதைச் சரிசெய்வதாக மனிதர்களில் உறுதிசெய்யப்பட்ட சத்து மாத்திரை எதுவும் இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடத்தப்பட்டு 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாகக் காணப்பட்டது. கீரை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றை உணவாக உண்பதே நன்று.

மருத்துவரிடம் தவறாமல் தெரிவிக்க வேண்டியவை

• தாய்வழி உறவினர்களில் இளவயதுச் செவித்திறன் குறைவு. குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் நிரந்தரக் காது கேளாமையை உண்டாக்கலாம்.

• வலிப்புடன் வளர்ச்சிப் பின்னடைவு அல்லது கல்லீரல் பாதிப்பு. பாலிமரேஸ் காமா நொதியின் மரபணுவில் குறைபாடு உள்ளவர்களுக்கு வால்ப்ரோயேட் மருந்து கடுமையான கல்லீரல் செயலிழப்பை ஏற்படுத்தலாம்.

இத்தகைய குறைபாடுகள் அரிதானவை. எனவே எடுத்துவரும் காசநோய், வலிப்பு மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.

அன்றாடம் செய்ய வேண்டியவை

சேந்தமங்கலம் வட்டாரத்திலும் கொல்லிமலைக் கிராமங்களிலும் விறகடுப்பில் சமைப்போர் புகை வெளியேற வழி அமைத்தல் வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் புகையருகே அமர்த்தலாகாது. புகையிலையை முற்றிலும் தவிர்த்தல், இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியவை அவசியம்.

எப்போது மருத்துவமனைக்கு வர வேண்டும்?

இமை தொங்குதல், காரணமற்ற தசைத் தளர்ச்சி, நீரிழிவுடன் செவித்திறன் குறைதல், குழந்தை கற்ற திறன்களை இழத்தல் ஆகியவை காணப்பட்டால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும். தேவையெனில் உயர் சிகிச்சை மையத்திற்குப் பரிந்துரைக்கப்படும். மருத்துவ ஆலோசனைக்கு 104, வலிப்பு நிற்காதபோதும் நினைவிழக்கும்போதும் 108 எண்ணை அழைக்கவும்.