காருக்கு ஒதுக்கிய இடம்

ஜூஜுவாடியில் வாடகை அறை தேடிப் போகிற தொழிலாளியிடம் ‘வண்டி இருக்கா? எங்க நிறுத்துவீங்க?’ என்றும் கேட்பார்கள். சாதாரணக் கேள்விதான். ஆனால் வண்டி நிற்கும் இடம் வீட்டைச் சேர்ந்ததா, தெருவைச் சேர்ந்ததா என்கிற நூறு வருஷத் தகராறு அதற்குள் கிடக்கிறது. அதைச் சட்டம் யார் பக்கம் தீர்த்தது என்பதே நம் பிரச்சினை.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரம் 1923இல் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வண்டி நிறுத்துமிடத்தைக் கட்டாயமாக்கியது. அதே மாநிலத்து யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில், நிலத்தை உபயோகவாரியாகப் பிரிக்கும் அதிகாரத்தை 1926இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தனிவீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை அத்தீர்ப்பு ‘ஒட்டுண்ணி’ என்றது. மண்டலப் பிரிவினை வெறும் தொழில்நுட்பம் அல்ல. யார் அக்கம்பக்கத்தில் வாழலாம் என்கிற அதிகாரத்தின் மொழி அது.

இங்கே 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தின் இடத்தில் 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. சிப்காட் பிறந்ததும் அதே 1971இல்தான். குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வரைபடம் நிறம் பிரிந்தது. 1980இல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டின் லாரிகளும் இங்கே தயாராயின. ஆலைக்கு மனையும் சாலையும் திட்டமிட்டுக் கிடைத்தன. ஆலைக்கு வந்தவன் படுக்கிற இடமோ பெரும்பாலும் உள்ளூர் நிலக்காரர்கள் கட்டிய லைன் வீடுகளின் பொறுப்பில் விடப்பட்டது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பைப் புரட்டினால் இரண்டு எண்கள் முகத்தில் அறைகின்றன. ஒரே அறையுள்ள வீட்டில் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. தெருவுக்கு வெளியே ஒரு கார் நிறுத்த 13.75 சதுர மீட்டர் வேண்டும். ஸ்கூட்டருக்கு 1.25 போதும். பத்தடிக்குப் பத்தடி அறை என்பது சுமார் 9.3 சதுர மீட்டர். ஷிப்ட் மாற்றி ஷிப்ட் பலர் படுத்தெழும் அறையைவிடப் பூட்டி நிற்கும் காருக்கு இடம் அதிகம்! மனிதனும் காரும் ஒரே புத்தகத்தில்தான் அளக்கப்படுகிறார்கள்.

விதியே வேண்டாம் என்பதல்ல வாதம். குறுகிய சந்தில் வண்டிகள் அடைத்து நின்றால் ஆம்புலன்ஸ் உள்ளே வராது. குழந்தை நடக்க முடியாது. ஆனால் சுமை யார் தலையில் என்பதே கேள்வி. கட்டடத்தோடு கட்டாயமாக்கப்பட்ட நிறுத்துமிடத்தின் செலவு வாடகையில் கலந்துவிடுகிறது, கார் இல்லாதவனும் அதைக் கட்டுகிறான் என்று டொனால்டு ஷூப் 2005இல் விரிவாக எழுதினார். ஜப்பானில் 1962இல் வந்த சட்டமோ கார் வாங்குகிறவனையே பார்த்து, ‘நிறுத்த இடம் வைத்திருக்கிறாயா, காட்டு’ என்றது. சுமை வீட்டின்மேல் அல்ல, காரின்மேல்.

ஊராட்சியாக இருந்து ஓசூரோடு சேர்ந்தது ஜூஜுவாடி. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. தமிழகம் முழுவதற்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் அதே ஆண்டில் வந்தன. காரை உள்ளே ஏற்றுவதற்காகச் சாக்கடைமேல் போட்ட சிமெண்ட் சரிவு தெருவுக்கு நீள்கிறது. கோலம் போட்ட வாசல், சாயங்காலம் உட்கார்ந்து பேசிய வாசல், காரின் பாதையாகிறது. அளவு நாடாவோடு நடக்கும் இந்த அரசியலை நம் இயக்கங்கள் பொறியாளர் விவகாரம் என்று ஒதுக்கிவிட்டன. ‘வண்டி இருக்கா?’ என்று அறை தேடுகிறவனைக் கேட்பது போதும். ‘இடம் இருக்கா?’ என்று கார் வாங்குகிறவனைக் கேட்கத் தொடங்க வேண்டும்.